மதிப்பெண்ணை உயர்த்த ஓராண்டு யாரிடம் இருக்கிறது?

1950 மார்ச்சில் இன்டர்மீடியட் தேர்வு எழுதிய சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவர் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து 450க்கு 369 மதிப்பெண் வாங்கியிருந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர விரும்பிய அவர், வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று அரிஜனங்கள் என்று குறிக்கப்பட்ட பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று அந்த அரசாணை இடங்களைப் பிரித்திருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட அந்த வழக்கில், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதன் விளைவாக அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் 15(4) பிரிவு பிறந்தது.

இந்த வரலாற்றை இட ஒதுக்கீட்டின் வரலாறாகத்தான் நாம் படித்திருக்கிறோம். அப்படிப் படிப்பதே சரி. ஆனால் அதற்குள் இன்னொரு தொடர்ச்சியும் இருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அதே மூன்று பாடங்களின் கூட்டுத்தொகைதான் கிண்டியில் யாருக்கு இடம் என்பதை முடிவுசெய்கிறது. அந்தக் கூட்டுத்தொகையைச் சுற்றி இத்தனை காலமும் மூன்று கேள்விகள் நின்றன. இடங்களை யாருக்கு எப்படிப் பகிர்வது என்பது முதல் கேள்வி. பள்ளி மதிப்பெண்ணோடு வேறு எதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது என்பது இரண்டாவது. ஒரு மாணவர் எத்தனை முறை எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்காகவும் தெருவில் இறங்கினோம், தேர்தல்களில் பேசினோம், உச்ச நீதிமன்றம் வரை போனோம். மூன்றாவது கேள்வியை மட்டும் சந்தடியில்லாமல் கடந்துபோனோம். இன்று நம் பிள்ளைகளை அதிகம் வதைப்பது அதுதான்.

பள்ளி மதிப்பெண்ணை மட்டும் நம்பக்கூடாது என்ற எண்ணம் நம்மிடம் பழையது. 1960களிலும் 70களிலும் மருத்துவக் கல்லூரிக்கு மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் இருந்தது. 1970இல் தீர்ப்பான பெரியகருப்பன் வழக்கில், நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண் வைத்திருந்ததும், அது நடத்தப்பட்ட விதமும் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தன. இடங்களை அலகு அலகாகப் பிரித்துத் தனித்தனியே தேர்வு செய்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 1968இல், மாவட்டவாரியாக மருத்துவ இடங்களைப் பிரித்ததும் ராஜேந்திரன் வழக்கில் அடிபட்டுப் போயிருந்தது. நேர்காணல் அறைக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தாளில் அச்சான மதிப்பெண்தான் ஒரே துணை.

1978இல் புகுமுக வகுப்பு போய் பிளஸ் டூ வந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்கு எத்தனை என்பதே இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழக வீடுகளில் பேச்சாக இருந்தது. 1990களின் பின்பகுதியில் ஒற்றைச்சாளர முறை வந்தபோது அந்த எண்ணுக்கு ஒரு நேர்மையும் கூடியது. அதற்கு வழிகாட்டியவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன். கலந்தாய்வு அரங்கில் பெரிய திரையில் கல்லூரிவாரியாகக் காலியிடங்கள் ஓடும். கையில் சான்றிதழ் ஃபைலோடு அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மனதில் குறித்துவைத்திருந்த கல்லூரியில் எண்ணிக்கை நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கும். தங்கள் முறை வருவதற்குள் அது பூஜ்யமாகிவிடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. முன்னால் இருந்தவருக்குக் கால் மதிப்பெண் கூடுதல், அவ்வளவுதான்.

அந்தக் கால் மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் மூன்றாவது கேள்வியின் வலு புரியும். அன்று ஒவ்வொரு பாடத்துக்கும் 200 மதிப்பெண். கணிதத்தில் வாங்கியதைப் பாதியாக்கி 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் கால் பங்காக்கி 50க்கும் கணக்கிடுவார்கள். ஆகவே கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் அரை உயரும். இயற்பியலில் ஒன்று கூடினால் கால் உயரும். மேல்மட்டத்தில் அந்தக் கால் மதிப்பெண் இடைவெளிக்குள் பெருங்கூட்டம் நிற்கும். இருவர் சமமாக இருந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், அதற்கும் பிறகு பிறந்த தேதி, எல்லாம் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண் என்று வரிசைப்படுத்தினார்கள். இயற்பியல் தாளில் ஒரேயொரு ‘ஒரு மதிப்பெண்’ கேள்வியைத் தவறவிட்ட மாணவி, விரும்பிய கல்லூரியையோ விரும்பிய பிரிவையோ இழக்கலாம்.

அப்படி இழந்தவர்களுக்குத்தான் ‘இம்ப்ரூவ்மென்ட்’ இருந்தது. தேர்ச்சி பெற்றவரும் மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் பார்வைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. தேர்வு நாளில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கும், அந்த மாதம் வீட்டில் சாவு நேர்ந்த பிள்ளைக்கும், பதினேழு வயதில் படிப்பின் அருமை கொஞ்சம் தாமதமாகப் புரிந்த பிள்ளைக்கும் இன்னொரு வாய்ப்பு.

ஆனால் அந்த வாய்ப்பை எடுத்துக்கொள்ள ஓராண்டு காலம் கையில் இருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளையை வேலைக்கும் அனுப்பாமல், கல்லூரியிலும் சேர்க்காமல், விடுதிக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் கட்டி, அடுத்த மார்ச் வரை வைத்திருக்க முடிகிற வீடாக இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு அந்த ஓராண்டு கிடையாது. ஓராண்டு வீட்டில் இருந்தாலே “எப்போது கல்யாணம்?” என்று ஊர் கேட்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே பாடத்தை இரண்டாவது ஆண்டாகப் படித்தவரும், முதன்முறையாக எழுதுபவரும், ஒரே தரவரிசைப் பட்டியலில் நின்றார்கள். அதனால் இடங்கள் கூடிவிடவில்லை. ஒருவர் மேலே ஏறினால் இன்னொருவர் கீழே இறங்கியாக வேண்டும்.

2005 ஜூனில் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும், இம்ப்ரூவ்மென்ட் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்வதையும் சேர்த்தே நீக்கி ஆணையிட்டது. கிராமப்புற மாணவர்களால் இந்த இரண்டிலும் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே காரணம். நுழைவுத் தேர்வு நீக்கம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006இல் கொண்டுவந்த சட்டமும் நிற்கவில்லை. அடுத்து வந்த கருணாநிதி அரசு ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, புதிய சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலை 2007இல் பெற்ற பிறகுதான் நுழைவுத் தேர்வு முழுமையாக முடிவுக்கு வந்தது. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் ஒரே திசையில் நடந்த அரிய தருணம் அது. அந்தப் பெரும் போராட்டத்தின் நிழலில், இம்ப்ரூவ்மென்ட் போனதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அதை நீக்கியது சரிதான். காசுள்ளவர்களுக்கு மட்டும் பயன்பட்ட வழியை அடைத்தார்கள். ஆனால் அதே கையோடு, காசில்லாதவர்களுக்கான இரண்டாம் வாய்ப்பை அமைத்துக்கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. எஞ்சியது மறுகூட்டலும் மறுமதிப்பீடும் மட்டுமே. அவை எழுதியதற்கு உரிய மதிப்பெண்ணை மீட்டுத் தரும்; புதிதாகக் கற்றதற்கு அவற்றில் இடமில்லை.

மீண்டும் எழுத முடியாது என்றானபோது, முதல் முறையிலேயே ஓராண்டைத் திருடிக்கொள்ளும் வழியைச் சில தனியார் பள்ளிகள் பெரும் தொழிலாக்கின. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தினார்கள். இம்ப்ரூவ்மென்ட் மாணவர் ஓராண்டு கூடுதலாகச் செலவழித்து அடைந்ததை, இந்தப் பள்ளிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு பிளஸ் ஒன்னுக்குள்ளேயே ஒளித்துக் கொடுத்தன. ப்ளூபிரிண்டைப் பார்த்து எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று பிரித்து, வரி பிசகாமல் மனப்பாடம் செய்யவைத்தார்கள். சென்டம் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. முடிவு வெளியாகும் நாளில் மாநில முதலிடம் பெற்றவர்களின் படங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைத்தன. அதே பிள்ளைகளில் பலர் கல்லூரிக்குப் போய் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்தார்கள். அந்தக் கணிதத்துக்கு அடிப்படை பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தை அவர்கள் சரியாகத் திறந்ததே இல்லை.

மதிப்பெண் உயர்வதும் கற்றல் உயர்வதும் ஒன்றாக நடந்தால்தான் அது முன்னேற்றம். அந்த ஆண்டுகளில் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறியது, கட்-ஆஃபும் கூடவே ஏறியது, தரவரிசையில் நின்ற இடம் மட்டும் பெரும்பாலோருக்கு மாறவில்லை. முன்பு 190 போதுமாக இருந்த கல்லூரிக்கு 195 கேட்டால், ஐந்து மதிப்பெண்ணைக் கூட்டிய மாணவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். “மார்க் கூடினால் காலேஜ் கிடைக்குமா?” என்று ஒரு தந்தை கேட்டால், உண்மையான பதில் இதுதான்: உங்கள் பிள்ளையின் மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக உயர்ந்தால் கிடைக்கும்.

2017இல் அரசு இதைத் திருத்த முனைந்தது. மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்து, பிளஸ் டூ மொத்தத்தை 1,200இலிருந்து 600 ஆக்கியது. ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று 2018இல் அறிவித்தது. அத்தோடு பிளஸ் ஒன் தேர்வின் பல் பிடுங்கப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே வேண்டாம் என்றது. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லது. ஆனால் பழைய தனியார் வழி மறுபடி திறந்துகொள்ளாமல் இருக்க என்ன கண்காணிப்பு என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பொறியியலில் மூடிய கதவு, மருத்துவத்தில் வேறு பெயரில் அகலத் திறந்தது. 2017இலிருந்து தமிழக மருத்துவ இடங்களுக்கு நீட் கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தவர். மருத்துவத்துக்கான அவருடைய கட்-ஆஃப் 196.75. பழைய கணக்கில் மருத்துவராகியிருக்க வேண்டிய அவரை அந்த ஆண்டே இழந்தோம். நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2005இல் தமிழகம் எதை அநீதி என்று நீக்கியதோ, அதுவே ‘ரிப்பீட்டர்’ என்ற பெயரில் விதியாகிவிட்டது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கை இதை எண்களில் காட்டியது. 2016-17இல் தமிழக எம்.பி.பி.எஸ். இடங்களில் சேர்ந்தவர்களில் மீண்டும் எழுதியவர்கள் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. அந்த ஆண்டு முதல் முயற்சியிலேயே உள்ளே போனவர்கள் பத்தில் மூவர்கூட இல்லை.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு செய்தியையும் வைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் 2019இல் நீட் எழுதி 193 எடுத்தார். அவருடைய திறமையை அறிந்த ஆசிரியர்கள் அவரைக் கைவிடவில்லை. நன்கொடையாளர்கள் பணம் கட்ட, ஓராண்டு பயிற்சிக்குப் போனார். 2020இல் அவர் எடுத்தது 720க்கு 664. அதே பிள்ளை, அதே மூளை. இடையில் வந்தது ஓராண்டும், அந்த ஆண்டுக்கான செலவை ஏற்றுக்கொண்ட மனிதர்களும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இல்லாதது திறமைதான் என்று சொல்பவர்களுக்கு 193க்கும் 664க்கும் இடைப்பட்ட தூரமே பதில். கொடையாளர் கிடைக்காத மற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வி நம்மைத் தூங்கவிடக்கூடாது.

அந்த ஆண்டிலேயே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணும்படி இருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் மருத்துவச் சேர்க்கை, முதல் ஆண்டிலேயே சுமார் நானூறானது. போராடிப் பெற்ற நல்ல சட்டம் அது. ஆனாலும் அது முதல் கேள்விக்கான விடை, இடங்களை எப்படிப் பகிர்வது என்பதற்கான விடை. மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த 7.5 விழுக்காட்டுக்குள்ளேயும் ஓராண்டு காத்திருக்க முடிந்தவர் முந்துகிறார்.

என்ன செய்யலாம்? பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கர்நாடகம் 2024இல் எஸ்.எஸ்.எல்.சி.க்கும் இரண்டாம் பி.யு.சி.க்கும் ஒரே ஆண்டில் மூன்று தேர்வுகள் நடத்தியது. எதில் அதிகமோ அதை வைத்துக்கொள்ள விட்டது. சி.பி.எஸ்.இ. 2023 முதல் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவரும் துணைத் தேர்வில் ஒரு பாடத்தை மேம்படுத்திக்கொள்ள விடுகிறது. தமிழகத்திலோ, தோற்றவர் ஓராண்டை இழக்கக்கூடாது என்பதற்காக உடனடித் துணைத் தேர்வை எப்போதோ கொண்டுவந்துவிட்டோம். தேர்ச்சி பெற்ற மாணவருக்கு மட்டும் அந்தக் கருணை இல்லை.

தேர்ச்சி பெற்றவர்களும் விரும்பினால் இரண்டு பாடங்கள் வரை அந்தத் துணைத் தேர்வில் எழுதட்டும். அதிகமான மதிப்பெண் நிலைக்கட்டும். அதன் முடிவு வந்த பிறகு தரவரிசைப் பட்டியல் வெளிவரட்டும். இன்றைய கணக்கில் இதன் பயன் சிறியதல்ல. கணிதத்தில் 82, இயற்பியலில் 74, வேதியியலில் 78 எடுத்த மாணவியின் கட்-ஆஃப் 158. கணிதத்தை 90ஆகவும் இயற்பியலை 80ஆகவும் உயர்த்தினால் 169. பதினொரு மதிப்பெண் என்பது, பலருக்கு, பெயரளவில் நடக்கும் கல்லூரிக்கும் நல்ல அரசு உதவிபெறும் கல்லூரிக்கும் உள்ள இடைவெளி. அவளை முன்னே தள்ளும் அந்தப் பதினொன்றுக்கு அவள் கொடுப்பது ஓராண்டை அல்ல, ஒரு கோடை விடுமுறையை.

வசதியுள்ளவர்கள் இதையும் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று சொல்லலாம். பயன்படுத்துவார்கள்தான். ஆனால் ஆறு வாரத்தில் பணத்தால் வாங்கக்கூடியது குறைவு; ஓராண்டில் வாங்கக்கூடியது அதிகம். அந்த ஆறு வாரமும் ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி திறந்திருந்து, மதிய உணவும் பேருந்துப் பயணமும் இலவசமாக இருந்து, விடைத்தாள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு “இங்கேதான் தவறினாய்” என்று ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால், ஏழைப் பிள்ளையும் அந்த வாய்ப்பை எடுத்துக்கொள்வாள். அந்த ஆசிரியர்களுக்குக் கோடைப் பணிக்கான ஊதியம் தனியாகத் தரப்பட வேண்டும். சேவை என்று சொல்லி வாங்கக்கூடாது.

நீட் இருக்கும்வரை இன்னொரு கடமையும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மருத்துவ இடம் பெற்றவர்களில் முதல் முயற்சி எத்தனை, மறுமுயற்சி எத்தனை, பள்ளிவாரியாக, மாவட்டவாரியாக எத்தனை என்று அரசு வெளியிட வேண்டும். அத்தோடு, முதல் முயற்சியில் நெருங்கி வந்து தவறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் வீட்டுக்கு ஒரு மாத உதவித்தொகையும் கொடுத்து ஓராண்டு படிக்கவைக்க வேண்டும். தேனியில் தனிமனிதர்கள் ஒருவருக்குச் செய்ததை ஓர் அரசால் ஆயிரம் பேருக்குச் செய்ய முடியும்.

மதிப்பெண்ணை உயர்த்த நினைக்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் ஆசையை நான் மதிக்கிறேன். அதைப் பேராசை என்றோ பெற்றோரின் திணிப்பு என்றோ ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தான் இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று ஒரு மாணவி நம்புவதுதான் கல்வியின் தொடக்கம். அவளிடம் “உனக்கு ஒரே முறைதான்” என்று சொல்வதும் தவறு. “பணம் இருந்தால் எத்தனை முறையும் எழுது” என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு. இன்று தமிழகத்துப் பிள்ளை பொறியியல் கலந்தாய்வில் முதல் வாக்கியத்தையும், நீட்டில் இரண்டாவது வாக்கியத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் இன்னொரு முறை உண்டு, அந்த முறைக்கான செலவு அரசுடையது என்ற மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லும் அதிகாரம் நம் அரசிடமே இருக்கிறது. அடுத்த மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வருவதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும்.